ஒரே பகலில் மசாடாவும் சாக்கடலும்: ஒரு வழிகாட்டிச் சுற்றுலாவின் நிகழ்வு ஆய்வு

எருசலேமில் காலை ஏழு மணியளவில் பேருந்து ஏறி, யூதேயப் பாலைவனத்தின் வழியே இறங்கி, மசாடா மலைக்கோட்டை, என்கேதிச் சோலை, கும்ரான் இடிபாடுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, சாக்கடலில் ஒரு மணி நேரம் மிதந்து, இரவுச் சாப்பாட்டுக்கு விடுதி திரும்புவது என்பது அங்குள்ள சுற்றுலாத் தொழிலில் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட ஒரு நாள் நிரல். தமிழ்நாட்டிலிருந்து புனித நாட்டுப் பயணம் போகும் கிறிஸ்தவக் குழுக்களும், அவற்றில் அரசு மானியம் பெற்றுப் போகிறவர்களும், இந்த நிரலையே சிறிது கூட்டியோ குறைத்தோ பின்பற்றுவது வழக்கம். இந்த ஆய்வு எந்த ஒரு நிறுவனத்தின் பயணத்தையும் மதிப்பிடவில்லை. அந்த நிரலின் பொது வடிவத்தை எடுத்துக்கொண்டு, அது பயணிக்கு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் கடந்துபோகிறது என்று பார்க்கிறது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மசாடா அரசியல் வீரக் கதையாகவும், கும்ரான் வேத ஆராய்ச்சியாகவும், என்கேதி இயற்கை அழகாகவும், சாக்கடல் வேடிக்கைக் குளியலாகவும் நான்கு தனித்தனிப் பொட்டலங்களாகப் பயணிக்குக் கொடுக்கப்படுகின்றன. இந்த நான்கையும் ஒன்றாகக் கட்டுவது தண்ணீர்: ஆண்டில் சில மணி நேரமே ஓடும் வெள்ளத்தைப் பிடித்துவைத்து வாழ்ந்தவர்களின் தொழில்நுட்பம் ஒரு பக்கம், ஆண்டு முழுவதும் ஓடிய ஆற்றைத் தடுத்ததால் வற்றிக்கொண்டிருக்கும் சாக்கடல் என்ற ஏரி இன்னொரு பக்கம். வழிகாட்டி இந்த இழையைப் பிடித்துக்கொண்டு பேசினால் அதே பத்து மணி நேரத்தில் பயணி பெறுவது பல மடங்காகும்.

இறக்கம்

எருசலேம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாக்கடலின் கரையோ கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில், முக்கால் மணி நேரத்துக்குள், பேருந்து 1,200 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது என்பதால் பலருக்குக் காது அடைத்துக்கொள்கிறது. வழியில் கடல் மட்டத்தைக் குறிக்கும் கல்லும், அதனருகே படம் எடுத்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டிருக்கும் ஒட்டகமும் வரும். பயணிகள் ஒட்டகத்தைத்தான் கவனிப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வழிகாட்டி சொல்லவேண்டிய செய்தி வேறு. மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று எருசலேம் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும் காற்று சூடேறி வறண்டுபோவதால், எருசலேமில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும்போது, சாக்கடல் கரையில் 100 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. ஆனால் மலைமேல் பெய்த மழையில் ஒரு பகுதி சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிப் பாலைவனத்தின் அடியில் ஊற்றாக வெளிவருகிறது. இன்னொரு பகுதி வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளமாக உருண்டு வருகிறது. முதலாவதை நம்பியது என்கேதி. இரண்டாவதை நம்பியவை மசாடாவும் கும்ரானும்.

மசாடா

வெயிலுக்கு அஞ்சி, பெரும்பாலான நிரல்களில் மசாடா முதலில் வருகிறது. கிழக்கு வாசலில் எண்பது பேர் வரை நிற்கக்கூடிய கம்பிவட ஊர்தி மூன்று நிமிடத்தில் மேலே கொண்டுபோய்விடுகிறது. பாம்புப் பாதை என்று பெயர் பெற்ற நடைபாதையில் ஏறுவதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும், கடும் வெயில் நாட்களில் அதை மூடிவிடுவார்கள். எருசலேமிலிருந்து போகும் ஒரு நாள் பேருந்து ரோமர்கள் எழுப்பிய மேற்குச் சாய்தளத்தின் பக்கம் போவதே இல்லை, ஏனென்றால் அங்கே போவதற்கு ஆராத் ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். எனவே அந்தச் சாய்தளத்தைப் பயணிகள் மேலிருந்து குனிந்து பார்ப்பதோடு சரி.

உச்சி சாய்சதுர வடிவில், ஏறத்தாழ 600 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட மொட்டைப் பரப்பு. ஏரோது மன்னன் கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே அரண்மனைகள், களஞ்சியங்கள், வெந்நீர்க் குளியலறை எல்லாம் கட்டினான். வடமுனையில் செங்குத்துப் பாறையில் மூன்று அடுக்குகளாக இறங்கும் அரண்மனையைப் பார்ப்பவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி, ஒரு சொட்டு ஊற்றுகூட இல்லாத மலையில் நீச்சல் குளம் வரை கட்டியவனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான். விடை மலையின் மேலே இல்லை, வடமேற்குச் சரிவில் இருக்கிறது. மேற்கேயுள்ள இரண்டு வறண்ட ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டி, வெள்ளநீரை வாய்க்கால் வழியே மலையின் இடுப்பில் இரண்டு வரிசையாகக் குடைந்த பன்னிரண்டு தொட்டிகளுக்குத் திருப்பியிருக்கிறார்கள். அவற்றின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 40,000 கன மீட்டர், அதாவது நான்கு கோடி லிட்டர். குளிர்காலத்தில் ஓரிரு நல்ல வெள்ளம் வந்தால் போதும். அங்கிருந்து மனிதர்களும் கழுதைகளும் சுமந்து உச்சியிலுள்ள தொட்டிகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருந்திருக்கவேண்டும். கி.மு. 40இல் ஏரோது ரோமுக்கு ஓடியபோது, அவன் குடும்பத்தை மசாடாவில் வைத்துவிட்டுப் போனான். பகைவர்கள் முற்றுகையிட்டதில் தண்ணீர் தீர்ந்து, அவன் தம்பி அண்டை அரபு மக்களான நபத்தேயரிடம் தப்பியோடத் துணிந்த வேளையில், இரவில் பெய்த மழை தொட்டிகளை நிரப்பிக் காப்பாற்றியது என்று வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். அரியணை கைக்கு வந்தபின் ஏரோது இதே மலையில் அத்தனை பெரிய தொட்டிகளைக் குடைந்ததை இந்த நிகழ்ச்சியிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் நிரலில் இந்தக் கதை அநேகமாக இடம்பெறுவதில்லை.

இடம்பெறுவது கி.பி. 73 அல்லது 74இல் நடந்த கடைசி முற்றுகை. ஃபிளாவியஸ் சில்வாவின் தலைமையில் ரோமின் பத்தாம் படையணி வந்து, எட்டு முகாம்களும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளச் சுற்றுச்சுவரும் அமைத்து, மேற்கே சாய்தளம் எழுப்பி மதிலை உடைத்தது; உள்ளே இருந்த, ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த யூதர்கள் 960 பேர், தங்கள் தலைவர் எலெயாசர் பென் யாயிரின் பேச்சைக் கேட்டு ஒருவரையொருவர் கொன்று மாண்டார்கள்; இரண்டு பெண்களும் ஐந்து குழந்தைகளும் மட்டும் தப்பினார்கள். இந்தக் கதைக்கு யோசேபஸ் ஒருவரே சாட்சி. அவரும் சம்பவ இடத்தில் இருந்தவரல்லர். 1963 முதல் 1965 வரை யிகேல் யாதின் நடத்திய அகழாய்வில் கிடைத்தவை ஏறத்தாழ முப்பது பேரின் எலும்புகள்தான். யோசேபஸ் ஒரே அரண்மனையைச் சொல்ல, தரையில் இரண்டு இருக்கின்றன. நீண்ட காலம் முற்றுகை நடந்ததாகச் சொல்லப்பட்டுவந்தாலும், டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, ரோமச் சுவரைக் கட்டத் தேவைப்படும் உழைப்பை வைத்துப் பார்த்தால் முழு முற்றுகையும் சில வாரங்களில் முடிந்திருக்கலாம். இத்தனைக்கும் பிறகு வீரக் கதை மாறாமல் சொல்லப்படுவதற்குக் காரணம் அது நவீன இஸ்ரேலின் தேசிய அடையாளத்தோடு பின்னிப்போனதுதான். படைவீரர்களின் உறுதிமொழி விழாக்களே இந்த உச்சியில் நடந்திருக்கின்றன.

நேர்மையான காட்சிப்படுத்தலுக்கு இங்கே ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு. சுவர்களில் இடுப்பளவிலோ தோளளவிலோ கறுப்பு நிறத்தில் ஒரு கோடு வளைந்து நெளிந்து ஓடும். கோட்டுக்குக் கீழே உள்ளது அகழாய்வில் கிடைத்த பழைய சுவர்; மேலே உள்ளது பின்னாளில் அடுக்கிய கல். இதை வழிகாட்டி சொன்ன மறுகணமே பயணிகள் ஒவ்வொரு சுவரிலும் கோட்டைத் தேட ஆரம்பிப்பார்கள். கதைக்கும் இப்படி ஒரு கோடு போட்டுச் சொல்வது கடினமான காரியம் இல்லை: இதுவரை மண்ணில் கிடைத்தது, இதற்குமேல் யோசேபஸ் சொன்னது என்று.

தண்ணீர் இழையை இந்த முற்றுகைக்குள்ளும் பார்க்கலாம். மேலே இருந்தவர்களுக்கு ஏரோதின் தொட்டிகள் இருந்தன. கீழே முற்றுகையிட்ட படைக்கு அருகில் ஊற்றே இல்லாததால், உணவோடு குடிநீரையும் தொலைவிலிருந்து யூதக் கைதிகளைக்கொண்டு சுமக்கவைத்தார்கள் என்று அதே யோசேபஸ் எழுதுகிறார். பாலைவனத்தில் முற்றுகை இட்டவனுக்கே தாகம்.

என்கேதியும் கும்ரானும்

என்கேதியில் நிரல் ஒதுக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டாது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குச் சவுலுக்குத் தப்பி தாவீது ஒளிந்த இடமாக இது தெரியும் என்பதால், குகைகளைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள். தாவீது ஓடையின் முதல் அருவிவரை நடப்பது வயதானவர்களுக்கும் இயலும். வழியில் மலையாடுகளும், பாறை முயல் என்று சொல்லத்தக்க சிறு விலங்குகளும் மனிதரைக் கண்டு ஓடாமல் நிற்கும். பண்டைய ஜெப ஆலயத்தின் எரிந்த மிச்சங்களில் 1970இல் கிடைத்த கரிக்கட்டி ஒன்றை விரிக்க முடியாமல் பல்லாண்டுகள் வைத்திருந்து, பின்னர் ஊடுகதிர்ப் படங்களைக் கணினியில் விரித்துப் பார்த்தபோது அது லேவியராகமத்தின் தொடக்கப் பகுதி என்று தெரியவந்தது. இதைச் சொல்வதற்குரிய இடம் அந்த ஆலயத்தின் தரைச்சித்திரத்தின் முன்தான் என்றாலும், அது தேசியப் பூங்காவின் இன்னொரு பக்கத்தில் இருப்பதால் பல குழுக்கள் அருவியோடு திரும்பிவிடுகின்றன.

கும்ரான் இதற்கு நேர்மாறு. அங்கே ஒரு துளி நீரும் ஓடவில்லை, நிழலும் அதிகமில்லை. 1947 வாக்கில் தாமிரே பழங்குடியைச் சேர்ந்த மேய்ப்பர்கள் குகையில் பண்டைய யூத மறைநூல்களின் முதல் சுருள்களைக் கண்டெடுத்த பிறகு, பதினோரு குகைகளிலிருந்து 900க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளின் பகுதிகள் கிடைத்தன. பார்வையிடத்திலிருந்து எல்லோரும் கைகாட்டிப் படமெடுக்கும் நான்காம் குகை சுருள்கள் மிகுதியாகக் கிடைத்த குகை. சுருள் எதுவும் இன்று இங்கே இல்லை. ஏழு மீட்டருக்கும் மேல் நீளமான ஏசாயா சுருள் உள்ளிட்ட பெரும்பாலானவை எருசலேமில் இருக்கின்றன. செப்புச் சுருள் அம்மானில் இருக்கிறது. ஊருக்குள்ளேயே பார்க்கவேண்டியதைப் பார்க்காமல், வெறும் குகையைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர் வருவது பயணிகளில் பாதிப் பேருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பது இயல்பே.

அந்த ஏமாற்றத்தைத் தடுக்கக்கூடியது காலடியில் கிடக்கிறது. மலைப்பிளவிலிருந்து ஒரு வாய்க்கால் வளாகத்துக்குள் நுழைந்து, வண்டல் படிவதற்கான சிறு தொட்டி ஒன்றில் இறங்கி, பிறகு ஒவ்வொரு குளமாக நிரப்பிக்கொண்டே போகிறது. வாய்க்காலின் ஓரமாக நடந்தால் முழு ஊரின் அமைப்பும் புரிந்துவிடும். இவற்றில் பல படிக்கட்டுகள் உள்ள சடங்குக் குளங்கள். ஒன்றின் படிகள் நடுவே பிளந்து, ஒரு பாதி கீழே அமிழ்ந்திருக்கிறது. கி.மு. 31இல் நடந்த நிலநடுக்கத்தோடு இதை இணைத்துச் சொல்வது வழக்கம். குடிப்பதற்கே நீர் எண்ணிப் பார்க்கவேண்டிய இடத்தில், தூய்மைச் சடங்குக்காக இத்தனை நீரைச் சேர்த்துவைத்த சமூகம் எப்படிப்பட்டது என்ற கேள்வி, இங்கே வாழ்ந்தவர்கள் எசேனியர் என்ற பண்டைய யூதத் துறவுப் பிரிவினரா இல்லையா என்ற பழைய வாதத்தைவிட எளிய பயணிக்கு எளிதில் பிடிபடும்.

வழிகாட்டிகள் பலர் விட்டுவிடும் இன்னொரு செய்தி, கும்ரானும் ஏரியின் வடமேற்குக் கடற்கரைகளும் 1967இல் இஸ்ரேல் கைப்பற்றிய மேற்குக் கரைப் பகுதியில் அமைந்திருப்பது. 1951 முதல் 1956 வரை தொல்லியலாளர் ரோலாண்ட் டி வோ இங்கே அகழ்ந்தபோது இது யோர்தான் நாட்டின் ஆட்சியில் இருந்தது. பேருந்து எல்லையைக் கடந்ததே தெரியாமல் போய் வருகிறது என்பதால், பயணிக்கு இதைச் சொல்வது கடமை என்றே நினைக்கிறேன்.

ஏரி

நிரலின் கடைசியில், எல்லோரும் களைத்திருக்கும் மாலையில், சாக்கடல் வருகிறது. உடை மாற்றும் அறை, சேறு பூசுதல், படம் எடுத்தல், குளித்து உப்பைக் கழுவுதல் ஆகியவற்றுக்கிடையே விளக்கம் சொல்ல யாருக்கும் நேரமில்லை. நாளின் மிகச் செறிவான பாடம் இப்படித்தான் கைநழுவிப் போகிறது.

நீரில் ஏறத்தாழ 34 விழுக்காடு உப்பு. சாதாரணக் கடலைப்போல் ஒன்பது பத்து மடங்கு. ஒரு லிட்டர் 1.24 கிலோ கனக்கிறது என்பதால் உடல் தானே மேலே வந்துவிடும். இந்த உப்பில் பெரும்பங்கு நம் சமையலறைச் சோடியம் குளோரைடு இல்லை, மக்னீசியம் குளோரைடு. நாக்கில் பட்டால் கரிப்பதைவிடக் கசப்பதற்கும், தோலில் எண்ணெய் தடவியதுபோல் வழுவழுப்பாக இருப்பதற்கும் அதுவே காரணம். முழங்கால் ஆழத்தில் திரும்பி நின்று, நாற்காலியில் உட்காருவதுபோல் பின்னால் சாய்ந்தால் கால்கள் தாமே எழும்பும். எழுந்து நிற்பதுதான் கடினம்: முழங்கால்களை மார்புக்கு இழுத்து, இரண்டு கைகளையும் கீழே அழுத்தினால் பாதங்கள் தரை தொடும். குப்புறக் கவிழ்ந்தால் கால்கள் மேலேயே நிற்பதால் முகத்தைத் தூக்குவது கடினமாகி, ஆழமே இல்லாத இடத்திலும் மூழ்கிப்போனவர்கள் உண்டு. விழுங்கிய நீர் இரத்தத்தில் கால்சியம், மக்னீசியம் அளவுகளை ஆபத்தாக உயர்த்தும், நுரையீரலுக்குள் போனால் இன்னும் மோசம். காலையில் சவரம் செய்துகொண்டவர்களும், பாதத்தில் வெடிப்பு உள்ளவர்களும் ஓரிரு நிமிடத்தில் அலறுவார்கள். ரப்பர் செருப்பு அவசியம், ஏனென்றால் கரையிலும் அடியிலும் படிந்திருக்கும் உப்புப் படிகங்கள் கண்ணாடிச் சில்லைப்போல் கீறும்.

ஏரி தாழ்ந்துகொண்டிருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 390 மீட்டர் கீழே இருந்த நீர்மட்டம் இப்போது 438 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 600 அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. மசாடா சாக்கடலுக்கு 450 மீட்டர் மேலே நிற்கிறது என்று வழிகாட்டிகள் சொல்வது யாதின் அகழ்ந்த காலத்துக் கணக்கு. மலை வளராமலே அந்த எண் நாற்பது மீட்டர் அளவுக்குக் கூடிவிட்டது.

காரணங்கள் தெளிவானவை. யோர்தான் நதி ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கன மீட்டர் நீரை ஏரிக்குக் கொண்டுவந்தது. இன்று வருவது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1932இல் கலிலேயாக் கடலின் வாயிலில் தெகானியா அணை, 1964இல் இஸ்ரேலின் தேசிய நீர்க்கால்வாய், யார்மூக் கிளையாற்றில் சிரியாவும் யோர்தானும் கட்டிய அணைகளும் கால்வாயும் என்று, ஆற்றங்கரை நாடுகள் எல்லாமே தத்தம் பங்கை மேலேயே எடுத்துக்கொண்டன. எஞ்சிய இழப்பில் கணிசமான பகுதி இரு கரைகளிலும் உள்ள பொட்டாஷ் ஆலைகளால் நேர்வது. அவை வடக்கு ஏரியின் நீரை இறைத்துத் தெற்கேயுள்ள ஆவிக்குளங்களில் காயவைத்து உப்புகளைப் பிரிக்கின்றன.

தெற்குப் பள்ளம் 1970களின் பிற்பகுதியில் வடக்கிலிருந்து துண்டாகிவிட்டது. அதன் கரையிலுள்ள என்-போக்கேக் விடுதிகளின் முன்னால் பளிங்குபோல் தெரியும் நீர், இயற்கையான ஏரி இல்லை, ஆலையின் ஆவிக்குளம். அங்கே அடியில் உப்பு படிந்துகொண்டே வருவதால் நீர்மட்டம் ஏறி விடுதிகளை நனைக்கும் அபாயம் வந்து, உப்பை வாரி அகற்றவேண்டியிருக்கிறது. வடக்கே நீர் இறங்குகிறது, தெற்கே நீர் ஏறுகிறது. வரைபடத்திலோ இரண்டுக்கும் ஒரே பெயர்.

இறங்கும் நீர் நிலத்தையும் கொண்டுபோகிறது. பழைய ஏரியடியில் புதைந்திருக்கும், ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையான உப்புப் படுகையைக் காத்துவந்தது செறிந்த உப்புநீர்தான். அது பின்வாங்கியதும் மலைப்பக்கத்து நன்னீர் உள்ளே புகுந்து உப்பைக் கரைக்கிறது. அடித்தாங்கல் இழந்த நிலம் குழிகளாக இடிந்து விழுகிறது. 1980களில் தொடங்கிய இந்தக் குழிகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. என்கேதியின் கடற்கரை மூடப்பட்டது, 2015இல் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியே மூடப்பட்டது. கரையோரமாகக் கட்டிய என்கேதி வெந்நீர்க் குளியலகத்திலிருந்து நீர் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விலகிப்போனதால், கடைசி ஆண்டுகளில் குளிக்க வந்தவர்களை டிராக்டர் இழுக்கும் வண்டியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

செங்கடலிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்துக்கு 2013இல் ஒப்பந்தம் ஆகி, 2021இல் கைவிடப்பட்டது. ஏரி முற்றாக மறைந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது சரியன்று. பரப்பு சுருங்கி உப்பு செறியச் செறிய ஆவியாதலும் குறையும் என்பதால், இன்னும் வெகு கீழே ஒரு சமநிலையில் அது நிற்கும். அதற்குள் கரையில் என்ன மிஞ்சும் என்பதே கேள்வி.

நிரலில் செய்யக்கூடிய மாற்றம்

நேரத்தைக் கூட்டாமலே சிலவற்றை மாற்றலாம். முதலாவது, போகும் வழியில் ஒரு பாறையருகே பத்து நிமிடம் நிறுத்துவது. ஏரியின் வடமேற்குக் கரையில், நெடுஞ்சாலையை ஒட்டிய பாறை ஒன்றில், பிரிட்டனின் பாலஸ்தீன ஆய்வு நிதியத்தைச் சேர்ந்தவர்கள் 1900இல் ஒரு கோடு வெட்டி, 1913 வரை அதைக்கொண்டு நீர்மட்டத்தை அளந்தார்கள். அன்று நீர் அந்தப் பாறையின் அடியில் இருந்தது. இன்று சாலையில் நின்று அந்தக் கோட்டை அண்ணாந்து பார்க்கவேண்டும், நீரையோ வெகு தூரம் கீழே தேடவேண்டும். எந்த வரைபடமும் எண்ணும் இல்லாமல் நூறாண்டு மாற்றம் ஒரு பார்வையில் புரிந்துவிடும் இடம் இது. பேருந்துகள் அநேகமாக நிற்காமல் கடந்துவிடுகின்றன.

இரண்டாவது, நவம்பர் முதல் மார்ச் வரையிலான இதமான மாதங்களில் வரிசையைத் திருப்பலாம்: கும்ரானில் வாய்க்காலைப் பார்த்து, என்கேதியில் ஊற்றைப் பார்த்து, பிறகு மசாடாவின் தொட்டிகளுக்குப் போனால், தண்ணீரைப் பிடிக்கும் மூன்று வழிகளும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படும். குளிர்காலப் பகல் சுருக்கம் என்பதால் கம்பிவட ஊர்தியின் கடைசி நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். வெள்ளிக்கிழமை எல்லா இடங்களும் முன்னதாகவே மூடும். மழை எச்சரிக்கை உள்ள நாளில் ஏரிக்கரை நெடுஞ்சாலையை வெள்ளம் குறுக்கே வெட்டிவிடும் என்பதால், எருசலேமில் தூறினாலே பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. வானம் வெளுத்திருக்கும் ஏரிக்கரையில் நிற்பவர்மீது மலைமேல் பெய்த மழை வந்து சேரும்.

மூன்றாவது செலவே இல்லாதது. வரிசையைத் திருப்பினால் குளியல் பெரும்பாலும் என்-போக்கேக்கில்தான் அமையும். கரை அங்கே வழவழப்பாகவும் வசதியாகவும் இருக்கும், முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. ஆனால் தாங்கள் மிதப்பது ஆலைக்காக இறைத்து நிறுத்திய நீரில் என்பதையும், அந்த ஆலையின் உரிமக் காலம் 2030இல் முடிவதால் அந்த நீரின் எதிர்காலம் குறித்த பேச்சு அந்நாட்டில் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும், பயணிகள் இறங்குமுன் பேருந்திலேயே இரண்டு நிமிடத்தில் வழிகாட்டி சொல்லிவிடலாம்.